கிராஷ் ஆன கணினி யாரிடம் சொல்லும்?

ஈரோட்டுப் பக்கம் ஒரு மருத்துவமனையின் பில் கவுன்டர். காலை பதினொரு மணி ஆகப்போகிறது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பத்துப் பன்னிரண்டு பேர் சீட்டோடு நிற்கிறார்கள். திரையில் திறந்திருந்த பில் மென்பொருள் ஒரு சத்தமும் இல்லாமல் சட்டென்று மறைந்துபோகிறது. கவுன்டரில் இருக்கும் அம்மா பதறவில்லை. மறுபடி திறக்கிறார், பாஸ்வேர்டு அடிக்கிறார், முதலிலிருந்து தட்டுகிறார்.

"தினமும் இந்நேரத்துக்கு இது சாமியாடுமுங்க சார். வெண்டருக்குப் போன் போட்டா, உங்க சிஸ்டம் பழசுங்கறாரு. சிஸ்டம் பாக்கறவரு, சாஃப்ட்வேர்தான் சரியில்லைங்கறாரு. நடுவுல நாங்க நிக்கறோமுங்க."

இருவரில் யார் சொல்வது சரி என்பதற்கான தடயம் அந்தக் கணினியிலேயே இருந்தது. ஒவ்வொரு முறை விழும்போதும் அது தேதி, நேரத்தோடு எழுதி வைத்திருந்தது. அதைத் திறந்து பார்க்கத்தான் ஆள் இல்லை.

ஒரு சிறிய மருத்துவமனை, பள்ளி, நூற்பாலை அலுவலகம், கூட்டுறவுச் சங்கம் என்று எங்கோ பத்திலிருந்து நூறு கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு உங்கள் தலையில் இருக்கிறதா? உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கணினிப் படிப்பு படித்திருக்க வேண்டியதில்லை. விண்டோஸ் கணினிகளை வைத்தே சொல்கிறேன்; நம் அலுவலகங்களில் பெரும்பாலும் அவைதானே.

முதலில், கிராஷ் என்றால் உள்ளே நடப்பது என்ன? ஓடும் ஒவ்வொரு நிரலுக்கும் விண்டோஸ் நினைவகத்தில் (கணினி வேலை செய்துகொண்டிருக்கும்போது தகவல்களைத் தற்காலிகமாக வைத்திருக்கும் இடம்) ஒரு பங்கு ஒதுக்குகிறது. நிரல் ஏதோ பிழையால் தன் பங்கைத் தாண்டி வேறு இடத்தைத் தொட்டால், விண்டோஸ் அதை அங்கேயே நிறுத்திவிடுகிறது. மற்ற நிரல்களைக் காப்பதற்காகச் செய்யும் வேலை இது. நிறுத்தும் முன், என்ன நடந்தது என்று குறிப்பெடுக்க ஓர் உதவி நிரலை எழுப்புகிறது. இந்த ஏற்பாட்டுக்குத்தான் விண்டோஸ் எரர் ரிப்போர்ட்டிங் என்று பெயர். அது எடுக்கும் குறிப்பை இனி 'அறிக்கை' என்றும் சொல்வேன்.

அந்தக் குறிப்பை எங்கே பார்ப்பது? ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி, ஆங்கிலத்தில் 'ரிலையபிலிட்டி' என்று தட்டுங்கள். 'வியூ ரிலையபிலிட்டி ஹிஸ்டரி' என்று ஒன்று வரும். திறந்தால் நாள்காட்டி போல ஒரு கட்டம். கிராஷ் ஆன நாட்களில் சிவப்புப் பெருக்கல் குறி இருக்கும். ஒரு நாளைத் தொட்டால் அன்று விழுந்த நிரல்களின் பட்டியல் கீழே வரும். அதில் 'வியூ டெக்னிக்கல் டீடெயில்ஸ்' என்பதை அழுத்துங்கள்.

அங்கே பத்துப் பதினைந்து வரி இருக்கும். மிரள வேண்டாம். உங்களுக்கு வேண்டியது நான்குதான்: நிரலின் பெயரும் பதிப்பு எண்ணும், 'ஃபால்ட் மாட்யூல்' (நிரலின் எந்தத் துண்டு ஓடிக்கொண்டிருந்தபோது விழுந்தது என்பது), 'எக்செப்ஷன் கோட்' (எந்த வகைப் பிழை என்பதற்கான எண்), நேரம். சி-யும் சைபர்களுமாகத் தொடங்கி 5-இல் முடியும் எண்ணை அடிக்கடி பார்ப்பீர்கள். நான் மேலே சொன்ன, இடம் மாறித் தொட்ட பிழை அதுதான்.

அந்த மருத்துவமனையில் பார்த்தபோது வரிசையாகச் சிவப்புக் குறிகள். எல்லாம் பதினொரு மணிக்கு முன்னும் பின்னும். விழுந்த நிரல் பில் மென்பொருள். ஆனால் ஃபால்ட் மாட்யூல் என்ற இடத்தில் இருந்த பெயர் பில் மென்பொருளுடையதும் அல்ல, விண்டோஸுடையதும் அல்ல. ரசீது அடிக்கும் பிரின்டரின் டிரைவர் (ஒரு கருவியைக் கணினியோடு பேசவைக்கும் சிறு நிரல்)! இரவு ஷிப்ட் கணக்கை முடித்து இரண்டு நகல் அச்சிடுவது அந்த நேரத்தில்தான். பிரின்டர் கம்பெனியின் தளத்திலிருந்து புதிய டிரைவரைப் போட்டோம். மறுநாளிலிருந்து சாமியாட்டம் இல்லை. வெண்டர் மீதும் தப்பில்லை, சிஸ்டம் மீதும் தப்பில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஃபால்ட் மாட்யூலில் பெயர் வந்துவிட்டால் அதுவே குற்றவாளி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஒரு துண்டு செய்த கேட்டுக்கு இன்னொரு துண்டு விழுவதும் உண்டு. குறிப்பாக 'என்டிடிஎல்எல்', 'கெர்னல்பேஸ்' என்று தொடங்கும் பெயர்கள் விண்டோஸின் பொது நூலகங்கள். எல்லா நிரல்களும் அவற்றின் வழியாகவே போகின்றன. அவை வந்தால், பிணம் கிடந்த இடம் தெரிந்தது, கொன்றது யார் என்று தெரியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். வேறொரு பெயர் திரும்பத் திரும்ப, ஒரே வேலையின்போது வந்தால் அங்கே சந்தேகப்படலாம்.

சரி, இந்தக் குறிப்பு கணினிக்குள்ளேயே இருந்துவிடுகிறதா, வெளியே போகிறதா? நீங்கள் எதையும் மாற்றாமல் விட்டிருந்தால், அதன் சுருக்கம் மைக்ரோசாஃப்டுக்குப் போகிறது. சில நேரம் சுருக்கத்துக்கு மேலும் போகலாம். நிறுவனங்களில் பலர் இதைக் கவனிப்பதில்லை. கவனிக்கும் சிலர் பயந்துபோய் மொத்தமாக அணைத்துவிடுகிறார்கள். இரண்டுமே எனக்குச் சரியாகப் படவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

மைக்ரோசாஃப்ட்காரர்கள் ஏன் கேட்கிறார்கள்? உலகம் முழுவதும் ஒரே பிழையால் விழும் கணினிகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். ஒவ்வொன்றும் தனித்தனிப் புகாராக வந்தால் யாராலும் படிக்க முடியாது. ஆகவே நான் மேலே சொன்ன வரிகளை வைத்து, ஒரே மாதிரியான விபத்துகளை ஒரே கூடையில் போடுகிறார்கள். எந்தக் கூடை நிரம்பி வழிகிறதோ அதை முதலில் சரிசெய்கிறார்கள். 2001-இல் விண்டோஸ் எக்ஸ்பியோடு இந்த ஏற்பாடு பரவலானது. 2002-இல் மைக்ரோசாஃப்டின் அன்றைய தலைமைச் செயல் அதிகாரி ஸ்டீவ் பால்மர், இதன் வழியாகத் தெரிந்த ஒரு கணக்கை வெளியிட்டார்: பிழைகளில் ஏறத்தாழ 20 சதவீதம்தான் 80 சதவீதக் கோளாறுகளுக்குக் காரணம், வெறும் 1 சதவீதப் பிழைகளே பாதிக் கோளாறுகளை உண்டாக்குகின்றன. அறிக்கைகள் இல்லாவிட்டால் அந்த 1 சதவீதம் எது என்று தேடிக்கொண்டே இருந்திருப்பார்கள்.

2024 ஜூலை 19 நினைவிருக்கிறதா? விமான நிலையங்களில் கையால் போர்டிங் பாஸ் எழுதிக் கொடுத்தார்களே, அந்த நாள். கிரவுட்ஸ்ட்ரைக் என்ற நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த பிழையான ஒரு புதுப்பிப்பால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் (விண்டோஸே விழும்போது வரும் திரை) நின்றன என்று மைக்ரோசாஃப்ட் கணித்தது. அந்த மென்பொருளின் டிரைவர் நினைவகத்தில் எல்லை தாண்டிப் படித்ததே காரணம் என்பதை, தனக்கு வந்த கிராஷ் அறிக்கைகளைப் பிரித்துப் பார்த்து மைக்ரோசாஃப்டும் உறுதிசெய்து எழுதியது. அனுப்பச் சம்மதித்தவர்களிடமிருந்து வந்த அறிக்கைகள் அவை.

ஆகவே பயன் இருக்கிறது. இனி, அறிக்கைக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். நீங்கள் முடிவெடுக்க வேண்டிய இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

அறிக்கைக்கு அடுக்குகள் உண்டு. மேல் அடுக்கு, நான் சொன்ன வரிகள்: நிரல், பதிப்பு, துண்டு, எண். இதில் உங்கள் வாடிக்கையாளர் பற்றியோ நோயாளி பற்றியோ எதுவும் இருக்காது. அடுத்த அடுக்கு, டம்ப் கோப்பு (நிரல் விழுந்த நொடியில் நினைவகத்தில் இருந்ததன் நகல்). இதில் சிறியது, பெரியது என்று வகைகள் உண்டு. சிறிய டம்ப், நிரல் அந்த நொடியில் எந்த வரியில் நின்றது என்பதையும் அதைச் சுற்றிக் கொஞ்சத்தையும் மட்டும் எடுக்கும். முழு டம்ப், நிரல் கையில் வைத்திருந்த அனைத்தையும் அப்படியே எடுத்துவிடும்.

"அனைத்தையும்" என்பதை அந்த மருத்துவமனையில்தான் கண்ணால் கண்டேன். பிரின்டர் டிரைவர் விஷயத்தை உறுதிசெய்ய, பில் மென்பொருளின் முழு டம்ப் ஒன்றை எடுத்தேன். சில நூறு மெகாபைட் இருந்தது. சிஸ்இன்டர்னல்ஸ் என்ற கருவித் தொகுப்பில் 'ஸ்ட்ரிங்ஸ்' என்று ஒரு சிறு கருவி இருக்கிறது. ஒரு கோப்புக்குள் படிக்கக்கூடிய எழுத்துகள் எங்கெங்கே இருக்கின்றன என்று உருவி எடுத்துக் கொடுக்கும். அதை ஓட்டினேன். பொருளில்லாத எழுத்துகள் பக்கம் பக்கமாக ஓடின. நடுவில் ஒரு பெண்ணின் பெயர், வயது, செல்போன் எண். அதற்குக் கீழே அன்று அவர் எடுத்துக்கொண்ட பரிசோதனையின் பெயர். அது அவர் வீட்டாருக்குக்கூடச் சொல்லியிருக்க மாட்டார் என்று நினைக்கத்தக்க பரிசோதனை. இன்னும் கீழே, தரவுத்தளத்துக்குள் நுழையும் பாஸ்வேர்டு, எந்த மறைப்பும் இல்லாமல்.

அந்த மென்பொருள் ஏதோ தவறு செய்துவிட்டதாக நினைக்க வேண்டாம். பில் போட வேண்டுமானால் அந்தப் பெயர் நினைவகத்தில் இருந்தே தீர வேண்டும். டம்ப் என்பது நினைவகத்தின் போட்டோ. மேசை மேல் எது கிடந்ததோ அது போட்டோவில் விழும். அன்றைக்கு அந்தக் கோப்பை வெண்டருக்கு மின்னஞ்சலில் இணைத்து அனுப்பத்தான் உட்கார்ந்திருந்தேன். அனுப்பவில்லை.

பெரிய இடங்களிலும் இந்தக் கவலை உண்டு. 2023-இல், ஸ்டார்ம்-0558 என்று மைக்ரோசாஃப்ட் பெயரிட்ட ஊடுருவல் கும்பல், அமெரிக்க அரசுத் துறைகள் உட்பட ஏறத்தாழ 25 நிறுவனங்களின் மின்னஞ்சல்களுக்குள் நுழைந்தது. அதற்கு அவர்கள் பயன்படுத்தியது மைக்ரோசாஃப்டின் ரகசியக் கையொப்பச் சாவி. அந்தச் சாவி, 2021 ஏப்ரலில் நடந்த ஒரு கிராஷின் டம்ப் கோப்புக்குள் சிக்கி, பாதுகாப்பான வலையிலிருந்து சாதாரண அலுவலக வலைக்கு நகர்ந்திருக்க வேண்டும் என்று 2023 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் விளக்கம் தந்தது. 2024 மார்ச்சில் அந்த விளக்கத்தைத் திருத்தி, சாவி இருந்த டம்ப் எதுவும் தங்களுக்குக் கிடைக்கவில்லை என்று சொன்னது. சாவி போன வழி எதுவாகவும் இருக்கட்டும். டம்ப் வழியே போயிருக்கலாம் என்று தொழில் தெரிந்தவர்களே முதலில் நினைத்தார்கள் என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

வழியில் யாராவது படித்துவிட முடியுமா என்று கேட்பீர்கள். ஒரு காலத்தில் முடிந்தது. விண்டோஸ் கிராஷ் அறிக்கைகளை அமெரிக்க உளவு அமைப்பான என்எஸ்ஏ இடைமறித்துப் பயன்படுத்தியதாக 2013 டிசம்பரில் ஜெர்மனியின் டெர் ஷ்பீகல் இதழ் எழுதியது. இப்போது அறிக்கைகள் மறையாக்கம் செய்யப்பட்டுத்தான் (வழியில் பிறர் படிக்க முடியாதபடி மாற்றப்பட்டு) போகின்றன. வழியைவிட, போய்ச் சேரும் இடமும் உங்கள் அலுவலகத்திலேயே கிடக்கும் நகல்களும்தான் இன்று நீங்கள் கவலைப்பட வேண்டியவை.

அப்படியானால் அணைத்துவிடலாமே? அணைத்தால் வெளியே எதுவும் போகாது, உண்மைதான். ஆனால் நாளை ஒரு முக்கியமான மென்பொருள் விழுந்துகொண்டே இருந்தால், அதன் சுருக்கம் எந்தக் கூடைக்கும் போகாது; நீங்களும் எதையும் சேமித்து வைக்காமல் விட்டிருந்தால் வெண்டரிடம் காட்ட உங்கள் கையில் அதிகம் இருக்காது. "எங்க பக்கம் நல்லாத்தான் ஓடுது" என்பார். பேச்சு அங்கேயே முடிந்துவிடும். நான் சொல்லும் வழி வேறு: மேல் அடுக்கு வெளியே போகட்டும், டம்ப் வெளியே போக வேண்டாம், வேண்டிய டம்ப் உங்கள் கணினியிலேயே, உங்கள் கண்காணிப்பில் இருக்கட்டும்.

இதை எப்படிச் செய்வது? விண்டோஸ் ப்ரோ அல்லது என்டர்பிரைஸ் பதிப்பு என்றால் குரூப் பாலிசி (நிர்வாகி ஒரே இடத்திலிருந்து அமைப்புகளைக் கட்டுப்படுத்தும் வசதி) இருக்கும். கணினிகள் ஒரு டொமைனில் (ஒரே சர்வரின் கீழ் இணைக்கப்பட்ட குழுவில்) இருந்தால் ஒரே தடவை அமைத்தால் போதும். இல்லையென்றால் ஒவ்வொரு கணினியிலும் செய்ய வேண்டும். கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன், அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ், விண்டோஸ் காம்போனென்ட்ஸ், அதற்குள் விண்டோஸ் எரர் ரிப்போர்ட்டிங் என்று போங்கள்.

அங்கே 'டிசேபிள் விண்டோஸ் எரர் ரிப்போர்ட்டிங்' என்று ஒன்று இருக்கும். அதுதான் மொத்தமாக அணைக்கும் சுவிட்ச். அதைத் தொடாதீர்கள். 'டூ நாட் சென்ட் அடிஷனல் டேட்டா' என்று இன்னொன்று இருக்கும். அதை 'எனேபிள்டு' ஆக்குங்கள். இதன் பொருள்: சுருக்கம் போன பிறகு, இன்னும் விவரம் தாருங்கள் என்று மைக்ரோசாஃப்ட் கேட்டால், உங்கள் ஊழியரைத் தொந்தரவு செய்யாமல் கணினியே மறுத்துவிடும். இந்த ஒரே ஒரு அமைப்பை மட்டும் செய்துவிட்டு மீதியைப் படிக்காமல் விட்டாலும் எனக்கு நிம்மதி.

பெயரில் 'டூ நாட்' என்றிருப்பதால் பலர் குழம்பி 'டிசேபிள்டு' போட்டுவிடுகிறார்கள். 'அனுப்பாதே' என்பதை 'எனேபிள்' செய்கிறோம் என்று ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிவிட்டு அழுத்துங்கள்.

அருகிலேயே இன்னொரு இடமும் பார்க்க வேண்டும். அதே விண்டோஸ் காம்போனென்ட்ஸுக்குள் 'டேட்டா கலெக்ஷன் அண்ட் பிரிவியூ பில்ட்ஸ்' என்று இருக்கும். கணினியின் உடல்நிலை பற்றிய தகவல்களை எந்த அளவுக்கு அனுப்பலாம் என்பது அங்கே. கட்டாயமானவை மட்டும் போதும் என்று வையுங்கள். 'ஆப்ஷனல்' என்று விட்டால், கிராஷ் நேரத்து நினைவகமும் போகலாம். நீங்கள் திறந்து வைத்திருந்த கோப்பின் பகுதிகள் தற்செயலாக அதில் இருக்கலாம் என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது. விண்டோஸ் 11-இல் 'லிமிட் டம்ப் கலெக்ஷன்' என்ற பாலிசியும் உண்டு. டம்ப் போனாலும் மிகச் சிறியது மட்டுமே போகும்படி அது கட்டிவைக்கும்.

"எங்களிடம் இருப்பது ஹோம் பதிப்பு, இந்த மெனுவே வரவில்லையே?" ஆமாம், வராது. கடையில் வாங்கிய லேப்டாப்களை அப்படியே அலுவலகத்தில் வைத்துக்கொண்ட இடங்களில் இதுதான் நிலைமை. அப்போது செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குப் போய், 'டயக்னாஸ்டிக்ஸ்' என்பதில் ஆப்ஷனல் தரவை அணையுங்கள். ஒவ்வொரு கணினியாகத்தான் செய்ய வேண்டும். செய்த கணினிகளுக்கு ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். நாற்பது கணினி இருந்தால் ஒன்றிரண்டு எப்படியும் விட்டுப்போகும்.

இனி, டம்பை உங்களிடமே சேமிப்பது. இது தானாக நடப்பதில்லை. ரிஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கும் பேரேடு) சொல்ல வேண்டும். விண்டோஸ் எரர் ரிப்போர்ட்டிங் என்ற இடத்தின் கீழ் 'லோக்கல் டம்ப்ஸ்' என்று ஒரு கிளையை உருவாக்கி, அதற்குள் தொல்லை தரும் நிரலின் கோப்புப் பெயரிலேயே இன்னொரு கிளை உருவாக்க வேண்டும். எல்லா நிரல்களுக்கும் பொதுவாக வைக்காமல் தொல்லை தரும் ஒன்றுக்கு மட்டும் வைப்பதே நல்லது. வேண்டாத டம்ப் எதற்கு?

அந்தக் கிளைக்குள் மூன்று மதிப்புகள். எங்கே சேமிப்பது, எத்தனை வைத்திருப்பது, எந்த வகை. எண்ணிக்கை சொல்லாவிட்டால் 10 வைத்திருக்கும். அதற்கு மேல் வந்தால் பழையதை நீக்கிப் புதியதை வைக்கும். நான் 3 என்று வைப்பேன். வகையில் 1 என்றால் சிறியது, 2 என்றால் முழுமையானது. 1-இல் தொடங்குங்கள். சிறியது போதவில்லை என்று வெண்டர் காரணத்தோடு கேட்டால் மட்டும் 2-க்குப் போங்கள், வேலை முடிந்ததும் திரும்ப 1. சிறியதிலும் ஓரிரு தனித்தகவல் ஒட்டியிருக்கலாம். அதையும் பூட்டிய பெட்டியில் வைக்கும் பொருளாகவே நடத்துங்கள்.

சேமிக்கும் இடம்? சொல்லாவிட்டால் அந்த ஊழியரின் சொந்தக் கணக்குக்குள் 'கிராஷ் டம்ப்ஸ்' என்ற ஃபோல்டரில் போய் விழும். அங்கே யாரும் பார்ப்பதில்லை, ஆண்டுக்கணக்கில் கிடக்கும். கணினியை எக்ஸ்சேஞ்சில் போடும்போது ஹார்ட் டிஸ்கோடு அதுவும் போகும். தனி ஃபோல்டர் ஒன்றை வைத்து, ஊழியரின் கணக்கு அதில் எழுதலாம், படிப்பது நிர்வாகி மட்டும் என்று அனுமதி கொடுங்கள். எழுதும் அனுமதியை மறந்துவிட்டால் டம்பே வராது. ஏன் வரவில்லை என்று அரை நாள் தேடுவீர்கள்.

ரிஜிஸ்ட்ரியில் கை வைக்கப் பயமாக இருந்தால்? பயப்படுவது நியாயம். முதலில் அந்தக் கிளையை 'எக்ஸ்போர்ட்' செய்து நகல் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். ஒரு கணினியில் செய்து, ஒரு வாரம் பார்த்து, பிறகு மற்றவற்றில் செய்யுங்கள்.

நீலத்திரை வந்தால் கதை வேறு. அங்கே விழுவது ஒரு நிரல் அல்ல, விண்டோஸே. அதற்கான அமைப்பு சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸில் 'ஸ்டார்ட்அப் அண்ட் ரெக்கவரி' என்ற இடத்தில் இருக்கிறது. சாதாரண அலுவலகக் கணினிகளுக்கு 'ஸ்மால் மெமரி டம்ப்' போதும். ஒவ்வொன்றும் மிகச் சிறியதுதான், விண்டோஸ் ஃபோல்டருக்குள் 'மினிடம்ப்' என்ற பெயரில் சேரும். சர்வரில் முழு டம்ப் வைத்தால், 64 ஜிபி நினைவகம் உள்ள சர்வர் ஒரு தடவை விழும்போது 64 ஜிபி கோப்பு உருவாகும். சி டிரைவ் நிரம்பி, பழுது பார்க்க வந்த இடத்தில் இரண்டாவது பழுது. அதே திரையில் 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' என்ற குறியை எடுத்துவிட்டால், நீலத்திரை அப்படியே நிற்கும்; எண்ணைக் குறித்துக்கொள்ளலாம். ஆளில்லாமல் ஓடும் சர்வரில் மட்டும் எடுக்காதீர்கள், இரவு விழுந்தால் காலை வரை எழாது.

விண்டோஸை மட்டும் கவனித்தால் போதுமா? போதாது. குரோம், ஃபயர்ஃபாக்ஸ் போன்றவை தங்கள் கிராஷ் அறிக்கைகளைத் தாங்களே, தங்கள் நிறுவனத்துக்கு அனுப்பும். விண்டோஸில் நீங்கள் மாற்றியது அவற்றைக் கட்டுப்படுத்தாது. ஒவ்வொன்றின் அமைப்புகளிலும் தனியாகப் பார்க்க வேண்டும். வெண்டர் செய்து கொடுத்த மென்பொருளும் இப்படித் தானே அனுப்பலாம். அவரிடம் நேராகக் கேளுங்கள்: "உங்க சாஃப்ட்வேர் கிராஷ் ஆனா எங்கேயாவது அனுப்புதா சார்? என்ன அனுப்புது?" எழுத்தில் பதில் வாங்குங்கள். உபுன்டு லினக்ஸ் வைத்திருந்தால் 'அப்போர்ட்' என்ற நிரல் இதே வேலையைச் செய்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

நாற்பது கணினியிலும் போய்ச் சிவப்புக் குறி தேடிக்கொண்டிருக்க முடியுமா? வேண்டியதில்லை. ஈவென்ட் வியூவர் என்ற பதிவேட்டில் நிரல் விழுந்தால் 1000, அதன் அறிக்கை 1001, நிரல் ஹேங் ஆகி நின்றால் 1002 என்று எண் போட்டுப் பதிவாகும். சர்வர் இருந்தால் 'ஈவென்ட் ஃபார்வர்டிங்' என்ற வசதியை வைத்து இந்த மூன்று எண்களையும் எல்லாக் கணினிகளிலிருந்தும் ஒரே இடத்துக்கு வரவழைக்கலாம். இதற்குத் தனிக் கட்டணம் இல்லை, விண்டோஸிலேயே இருக்கிறது. வருவது மேல் அடுக்கு மட்டுமே என்பதால் நோயாளிகள் பெயர் அதில் வராது. பெரிய நிறுவனங்கள் அறிக்கைகளையே மைக்ரோசாஃப்டுக்குப் பதிலாகத் தங்கள் சர்வருக்குத் திருப்பிவிடுவதும் உண்டு. அதற்கும் பாலிசி இருக்கிறது. நாற்பது கணினிக்கு அந்தப் பாடு தேவையில்லை என்பது என் கருத்து.

ஆனால் வரவழைத்ததைப் படிக்க ஓர் ஆள் வேண்டும். திங்கட்கிழமை காலை கால் மணி நேரம். எந்த நிரல் அதிகம் விழுந்தது, எந்தக் கணினியில், புதிதாக ஏதாவது சேர்ந்திருக்கிறதா? இவ்வளவுதான். ஒரே நிரல் எல்லாக் கணினியிலும் விழுந்தால் நிரலில் கோளாறு. ஒரே கணினியில் எல்லா நிரலும் விழுந்தால் அந்தக் கணினியில் கோளாறு. பெரும்பாலும் ரேம் அல்லது டிஸ்க். இந்த ஒரு வித்தியாசத்தைப் பிரித்துப் பார்த்தாலே வெண்டருக்கும் சிஸ்டம்காரருக்கும் நடுவில் நீங்கள் நிற்க வேண்டியிருக்காது.

டம்ப் வேண்டும் என்று வெண்டர் பிடிவாதமாகக் கேட்டால்? முதலில் வேறொரு கணினியில் பொய்ப் பெயர்கள் போட்ட சோதனைத் தரவை வைத்து அதே பிழையை வரவழைக்க முடியுமா என்று பாருங்கள். பெரும்பாலும் முடியும். முடியாவிட்டால், டம்பை பாஸ்வேர்டோடு ஜிப் செய்து, பாஸ்வேர்டை அதே மின்னஞ்சலில் எழுதாமல் போனில் சொல்லுங்கள். யார் பார்ப்பார்கள், என்றைக்கு அழிப்பார்கள் என்று எழுதி வாங்குங்கள். வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, உங்களுக்காக வேலை செய்பவர் கையில் தரவு இருந்தாலும் பொறுப்பு உங்கள் நிறுவனத்தினுடையதே. போதிய பாதுகாப்பு செய்யாததற்கு அந்தச் சட்டம் வைத்திருக்கும் உச்ச அபராதம் 250 கோடி ரூபாய். நம்மைப் போன்ற சிறிய இடத்துக்கு அவ்வளவு வருமா என்பதைவிட, அந்தப் பெண்ணின் பரிசோதனைப் பெயர் யார் யார் கைக்கோ போவது எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

கடைசியாக, கவுன்டரில் இருப்பவர்களுக்கு என்ன சொல்லி வைப்பது? கணினி தன் பக்கத்தை எழுதிக்கொள்ளும்; மனிதர் அப்போது என்ன செய்துகொண்டிருந்தார் என்பது அதற்குத் தெரியாது. விழுந்த நேரம், செய்துகொண்டிருந்த வேலை, இந்த இரண்டையும் மட்டும் குறித்து வைக்கச் சொல்லுங்கள். திரையைப் போட்டோ எடுத்தால் நோயாளி பெயர் தெரியும் பகுதியை விட்டு எடுக்கச் சொல்லுங்கள்.

அந்த அம்மா இப்போது பில் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதி வைக்கிறார். போன மாதம் போயிருந்தபோது காட்டினார். நீல மையில் ஒரே ஒரு வரி: "4.40, ஸ்கேன் ரூம் சிஸ்டம், பெரிய ரிப்போர்ட் சேவ் பண்ணும்போது." கணினியில் 4.40-க்கு நேராகத் தேடினேன். சிவப்புக் குறி அங்கே இருந்தது.